உடைஞ்ச அணை, நெருப்புல வாழுற பல்லி, கோபுரத்து சிங்கம்: ஸ்குவாட்ரன் பேட்ஜைப் படிக்கிறது எப்படி

ஒரு வட்டம். அதுக்குள்ள குறுக்கால ஒரு சுவர், கல்லு கல்லா அடுக்கினது. மேல இருந்து மூணு மின்னல் எறங்கி சுவரை நடுவுல பொளந்திருக்கு, பொளந்த எடத்துல தண்ணி கொட்டுது. வட்டத்துக்கு மேல கிரீடம், கீழ ஒரு பட்டையில பிரெஞ்சு வாசகம்: "அப்ரே முவா ல தெலூஜ்". எனக்கப்புறம் பிரளயம்னு அர்த்தம்.

பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்ஏஎஃப்ல 617-ஆவது ஸ்குவாட்ரனோட பேட்ஜ் இது. ஸ்குவாட்ரன்னா ஒரே வேலைக்காக சேர்த்து வச்சிருக்கிற விமானம், விமானி, மெக்கானிக் எல்லாம் சேர்ந்த ஒரு பிரிவு, அதுக்கு ஒரு நம்பர் இருக்கும், பெரும்பாலும் ஒரு பேட்ஜும் இருக்கும். நிறைய பேர் இதைப் பார்த்துட்டு டீ ஷர்ட்ல போட்டா நல்லா இருக்கும்னு நினைச்சு அதோட விட்டுடுறாங்க, எனக்கு அதுதான் மனசு தாங்கல, ஏன்னா இந்த சின்ன வட்டத்துக்குள்ள ஒரு ராத்திரியோட கதை மொத்தமா இருக்கு. படிக்கத் தெரிஞ்சா போதும். படிக்கிறதும் ஒண்ணும் பெரிய வித்தை கிடையாது.

அந்த ராத்திரி 1943 மே 16. ரெண்டு மாசம் முன்னாடிதான், மார்ச்ல, ஸ்காம்ப்டன்ங்கிற தளத்துல அந்த ஸ்குவாட்ரனையே உருவாக்கியிருந்தாங்க, கமாண்டர் கை கிப்சனுக்கு வயசு 24. பார்ன்ஸ் வாலிஸ்ங்கிற இன்ஜினியர் ஒரு குண்டு செஞ்சு குடுத்தாரு, குளத்துல ஓட்டாஞ்சில்லு விடுவோமே அதே மாதிரி தண்ணி மேல தத்தித் தத்திப் போய் அணைச் சுவர்ல மோதி, அடியில எறங்கி வெடிக்கும். 19 லங்காஸ்டர் விமானம் கிளம்புச்சு, மொத்தம் 133 பேர். ஜெர்மனியோட மோனே, எடர்ங்கிற ரெண்டு அணையை உடைச்சாங்க, சோர்பேங்கிற மூணாவது அணை சேதத்தோட தப்பிச்சுது. 8 விமானம் திரும்பல. 53 பேர் செத்தாங்க, 3 பேர் ஜெர்மன்காரங்க கையில மாட்டுனாங்க.

பத்து நாள் கழிச்சு மே 27 அன்னிக்கு ஆறாம் ஜார்ஜ் ராஜாவும் ராணியும் அந்த தளத்துக்கு வந்தப்ப அவங்க முன்னாடி ரெண்டு டிசைனை வச்சாங்க. ஒண்ணுல சங்கிலியால கட்டிப்போட்ட ஐரோப்பா, அந்த சங்கிலியை ஒரு சுத்தியல் உடைக்குது, "வரைபடத்தை மாத்து"ன்னு வாசகம். இன்னொண்ணுல உடைஞ்ச அணை. ராஜா அணையைத்தான் எடுத்தாரு. எனக்கு அது சரியான முடிவாதான் படுது, ஏன்னா சங்கிலி உடைக்கிற சுத்தியலை எந்தப் படைப்பிரிவு வேணும்னாலும் வச்சிக்கலாம், யாருக்கும் பொருந்தும். உடைஞ்ச அணை இவங்க ஒருத்தருக்கு மட்டும்தான் பொருந்தும். நல்ல பேட்ஜ், சுமாரான பேட்ஜ் வித்தியாசமே இதுலதான் இருக்கு.

வாசகத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. "எங்களுக்கப்புறம் பிரளயம்"ங்கிற பேச்சு பிரான்ஸ்ல பதினஞ்சாம் லூயி அரண்மனையில பிறந்ததுன்னு சொல்லுவாங்க, நாம போனப்புறம் ஊரு எக்கேடு கெட்டா என்னன்னு அதுக்கு அர்த்தம். அதுல "எங்களுக்கு"ங்கிறதை "எனக்கு"ன்னு மாத்தி எடுத்து, நான் வந்துட்டுப் போனா பின்னாடியே வெள்ளம் வரும்னு நேர் அர்த்தத்துல திருப்பிட்டாங்க. பேட்ஜ் எழுதுறவங்களுக்கு இந்த மாதிரி வார்த்தை விளையாட்டு ரொம்பப் பிடிக்கும், கீழ இன்னும் வருது.

சரி, இதெல்லாம் எங்க இருந்து ஆரம்பிச்சுது? நமக்கு இது புதுசே கிடையாது. புலின்னா சோழன், மீன்னா பாண்டியன், வில்லுன்னா சேரன்னு சின்னப் பிள்ளையும் சொல்லும். திருவாலங்காட்டுச் செப்பேட்டுல ராஜேந்திர சோழனோட முத்திரை இருக்கு பாருங்க, அதுல உட்கார்ந்த புலி, கூடவே ரெண்டு மீன், ஒரு வில்லு, மேல வெண்கொற்றக்குடை. பாண்டியனும் சேரனும் என் குடைக்குக் கீழன்னு படத்துலயே சொல்லியாச்சு. ஐரோப்பாவுல இதே வேலையை கேடயத்துல செஞ்சாங்க. பன்னண்டாம் நூற்றாண்டு வாக்குல மூஞ்சி மறைக்கிற இரும்புத் தொப்பி வந்தப்புறம் சண்டையில யாரு நம்மாளு யாரு எதிராளின்னு தெரியல, அதனால கேடயத்துல சிங்கம், கழுகு, பட்டைன்னு வரைய ஆரம்பிச்சாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓட்டுப் போடணும்னு நம்ம ஊர்ல தேர்தல் சின்னம் வச்சாங்களே, அதே மாதிரிதான், தூரத்துல இருந்து பார்த்தா சட்டுனு புரியணும். எந்த சின்னம் யாரோடதுன்னு மனப்பாடமா வச்சிருந்து சொல்றவங்களுக்குப் பேரு ஹெரால்ட், அந்தக் கலைக்குப் பேரு ஹெரால்ட்ரி. லண்டன்ல காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்னு 1484-ல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு இன்னிக்கும் இந்த வேலையைப் பார்க்குது.

விமானப்படை 1918-ல உருவானப்ப ஸ்குவாட்ரன்காரங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு ஏதாவது வரைஞ்சு வச்சிருந்தாங்க. 1935-லதான் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்ல இருந்து ஹீட்டன்-ஆம்ஸ்ட்ராங்னு ஒருத்தரை பேட்ஜ் இன்ஸ்பெக்டரா போட்டு எல்லாத்துக்கும் ஒரே சட்டம் கொண்டு வந்தாங்க. சட்டம்னா ரூல்ஸ், ஃபிரேம் ரெண்டும்தான். வட்டத்தைச் சுத்தி இலை மாலை, நீல வளையத்துல ஸ்குவாட்ரன் பேரு, மேல கிரீடம், கீழ வாசகம். இது எல்லாருக்கும் பொது. நடுவுல இருக்கிறது மட்டும்தான் அந்த ஸ்குவாட்ரனோட சொந்த சொத்து, அதுக்கு ராஜா கையெழுத்துப் போடணும்.

இப்ப ஹெரால்ட்ரியோட உயிர்நாடிக்கு வர்றேன், இது ஒண்ணு புரிஞ்சா பாதிக் கிணறு தாண்டினாப்ல. பேட்ஜுங்கிறது படம்னு நினைக்கிறோம், ஆனா அதிகாரபூர்வமான பேட்ஜ் வார்த்தையிலதான் இருக்கு. அந்த வர்ணனைக்குப் பேரு பிளேசன். 617-க்கு என்ன எழுதியிருக்குன்னா, வட்டத்தட்டு ஒண்ணு மேல, நடுவுல குறுக்கா ஒரு சுவர், மேல இருந்து கீழ் நோக்கி குவியுற மூணு மின்னலால உடைஞ்சு, உடைப்புல இருந்து இயல்பான நிறத்துல தண்ணி வருதுன்னு இருக்கு, அவ்வளவுதான். கல்லு எத்தனை, அலை எப்படி சுருளணும், எதுவும் கிடையாது. நம்ம ஸ்தபதிகளை நினைச்சுக்கோங்க. நடராஜர்னா மேல் வலக்கையில உடுக்கை, மேல் இடக்கையில தீ, ஒரு கால் ஊன்றி ஒரு கால் தூக்கின்னு லட்சணம் வார்த்தையில இருக்கு. ஸ்தபதிக்கு ஸ்தபதி சிலை மாறும், மூக்கு மாறும், சடை விரியுறது மாறும், ஆனா எல்லாமே நடராஜர்தான். பேட்ஜும் அதே மாதிரி. ரெண்டு ஓவியர் வரைஞ்ச 617 பேட்ஜ்ல தண்ணி வேற வேற மாதிரி கொட்டலாம், ரெண்டும் சரிதான், மின்னல் மட்டும் ரெண்டா குறைஞ்சா அது தப்பு.

வலது இடதுலயும் கோயில் கணக்குதான். சாமிக்கு வலப்பக்கம்னு சொன்னா சாமியோட வலது, நம்ம வலது இல்லையே. கேடயத்துல வலதுன்னா அதைப் பிடிச்சிருக்கிறவரோட வலது, பார்க்கிற நமக்கு அது இடது. இது தெரியாம வர்ணனையைப் படிச்சா சிங்கத்தோட மூஞ்சி எந்தப் பக்கம்னே குழம்பிடும்.

நிறத்துக்கும் ஒரு பழைய விதி உண்டு. தங்கமும் வெள்ளியும் உலோகம்னு ஒரு வகை (வரையுறப்ப மஞ்சளும் வெள்ளையும்), சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு, ஊதா எல்லாம் நிறம்னு இன்னொரு வகை. உலோகத்து மேல உலோகம் வைக்காதே, நிறத்து மேல நிறம் வைக்காதே. வெள்ளைச் சுவத்துல மஞ்சள்ல எழுதினா படிக்க முடியுமா, கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்துன்னா அரை கிலோமீட்டர்ல இருந்தே தெரியும், அந்தக் காரணம்தான். ஆனா "இயல்பான நிறம்"னு வர்ணனையில சொல்லிட்டா விதி தளரும், 617 தண்ணிக்கு அதைத்தான் சொல்லியிருக்காங்க.

மிருகம் நிக்கிற தோரணைக்கும் தனித்தனி சொல் இருக்கு. பின்னங்கால்ல எழுந்து முன்னங்காலால பிறாண்டுற மாதிரி நிக்கிறது ஒண்ணு, பாயுறது ஒண்ணு, இடுப்புக்கு மேல பாதி உடம்பு மட்டும் தெரியுறது ஒண்ணு, மூஞ்சியை நம்ம பக்கம் திருப்பிப் பார்க்கிறது ஒண்ணு. இதையெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம், பார்க்கப் பார்க்க வந்துடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 101-ஆவது ஸ்குவாட்ரனோடது. ஒரு கோட்டைக் கோபுரம், அதோட உச்சியில இருந்து பாதி சிங்கம் எழுந்து நம்மளையே முறைச்சுப் பார்க்குது. சும்மா பார்த்தா ஏதோ பழைய ராஜா வீட்டு சின்னம் மாதிரி இருக்கும். கோபுரத்துக்கு இங்கிலீஷ்ல டரட்டுன்னும் ஒரு சொல் உண்டு, விமானத்துல துப்பாக்கிக்காரர் உட்கார்ந்து சுத்திச் சுத்திச் சுடுற கூண்டுக்கும் டரட்டுன்னுதான் பேரு. மோட்டார் சக்தியில சுத்துற டரட் வச்ச ஓவர்ஸ்ட்ராண்ட் விமானத்தை ஆர்ஏஎஃப்ல முதல்ல ஓட்டுனது இந்த 101 தான். அதனால கோபுரம்னா டரட், அதுக்குள்ள இருந்து எழுற சிங்கம்னா துப்பாக்கிக்காரரோட வீரம். சிலேடையை கண்ணால பார்க்கிற மாதிரி வச்சிருக்காங்க, காளமேகம் பார்த்திருந்தா கை தட்டியிருப்பாரு.

வாசகம்னா லத்தீன்தான்னு ஒரு நினைப்பு இருக்கு, அது பாதிதான் சரி. 31-ஆவது ஸ்குவாட்ரன் லத்தீன்ல "இன் கேலம் இண்டிகம் பிரைமஸ்"னு வச்சிருக்கு, இந்திய வானத்துல முதல்ல நுழைஞ்சவங்கன்னு அர்த்தம், 1915-ல இந்தியாவுக்கு வந்த முதல் ஸ்குவாட்ரன் அவங்கதான், பேட்ஜ்ல இலை மாலை முன்னாடி ஒரு நட்சத்திரம். ஆனா சிங்கப்பூர்ல இருந்த 100-ஆவது ஸ்குவாட்ரன் மலாய் மொழியிலேயே வச்சுக்கிட்டாங்க: "சாராங் தெபுவான் ஜாங்கான் டிஜோலோக்". குளவிக் கூட்டைக் கம்பால குத்தாதேன்னு மலாய்ப் பழமொழி. நம்ம குளவிக் கூட்டுல கல்லெறியாதேதான், கல்லுக்குப் பதில் கம்பு. அதைப் பார்த்தப்ப எனக்கு ஒரு சந்தோஷம், மண்டையோடும் எலும்பும் வரைஞ்ச ஒரு பேட்ஜுக்குக் கீழ நம்ம பாட்டி சொல்ற வார்த்தை.

இப்ப நம்ம ஊரு பக்கம் வருவோம். உலகப் போர்கள்ல பணம் குடுத்த நாடு, ஊரு, சமஸ்தானத்தோட பேரை ஸ்குவாட்ரனுக்கு வைக்கிற வழக்கம் இருந்துச்சு. மூணு ஸ்குவாட்ரனுக்கு மெட்ராஸ் பிரசிடென்சின்னு பேரு: 79, 234, 264. நம்ம தாத்தா பாட்டி காலத்துல வரி கட்டுன, நன்கொடை குடுத்த மாகாணத்தோட பேரு இங்கிலாந்து வானத்துல பறந்திருக்கு, நம்ம ஊர்லயே இது பல பேருக்குத் தெரியாது.

264-ஓட பேட்ஜ்ல ஒரு போர்வீரனோட தலைக்கவசம், கீழ இங்கிலீஷ்ல "வி டிஃபை", எதிர்த்து நிப்போம். இவங்க ஓட்டுன விமானத்தோட பேரே டிஃபையன்ட். விசித்திரமான விமானம் அது, முன்னாடி சுடுறதுக்கு ஒரு துப்பாக்கி கூட கிடையாது, நாலு துப்பாக்கியும் விமானிக்குப் பின்னாடி இருக்கிற டரட்லதான். பிரான்ஸ் கடற்கரையில இருக்கிற டன்கர்க்ல இருந்து பிரிட்டிஷ் படையை மீட்ட சமயத்துல, இதைச் சாதாரண விமானம்னு நினைச்சு பின்னாடி வந்து எதிரி ஏமாந்தான், 1940 ஆகஸ்ட்ல எதிரி சுதாரிச்சு முன்பக்கமா வந்து அடிச்சான், நிறைய பேர் போயிட்டாங்க, அப்புறம் ராத்திரி சண்டைக்கு மாத்திட்டாங்க. 234-ல வாயில இருந்து நெருப்பு கக்கிக்கிட்டு எழுந்து நிக்கிற டிராகன், லத்தீன் வாசகத்துக்கு அர்த்தம் "நெருப்பையும் சாவையும் உமிழ்கிறோம்". இவங்க ஓட்டுனது என்ன விமானம்னு நினைக்கிறீங்க? ஸ்பிட்ஃபயர். நெருப்பு உமிழ்! லத்தீனுக்குள்ள விமானத்தோட பேரை ஒளிச்சு வச்சிருக்காங்க.

79-ல ஒரு சாலமாண்டர் பாயுது. பார்க்க பல்லி மாதிரி இருக்கிற ஒரு ஜந்து, நெருப்புக்குள்ளயே வாழும், சுடவே சுடாதுன்னு பழைய ஐரோப்பாவுல நம்புனாங்க. வாசகம், எங்களை எதுவும் தடுக்க முடியாது. இதைக் கொஞ்சம் கிட்ட வச்சுப் பாருங்க. 79 ஓட்டுன ஹரிக்கேன் விமானத்துல ஒரு பெட்ரோல் டேங்க் விமானிக்கு நேர் முன்னாடி இருக்கும், அதுல குண்டு பட்டா நெருப்பு நேரா மூஞ்சியிலதான் அடிக்கும், கையும் முகமும் வெந்து வருஷக்கணக்கா ஆஸ்பத்திரியில கெடந்த ஹரிக்கேன் பைலட்டுங்க எத்தனையோ பேரு. அந்த காக்பிட்டுக்குள்ள உட்காருற பையனோட ஸ்குவாட்ரனுக்கு நெருப்பு சுடாத பல்லி. எனக்கு அதைப் பார்க்கிறப்ப எல்லாம் அது வீரப் பேச்சா தெரியல, வேண்டுதல் மாதிரிதான் தெரியுது. இந்த 79 தான் 1942-ல இந்தியாவுக்கே வந்து பர்மா போர்ல சண்டை போட்டுச்சு.

இந்த மூணுலயும் ஒண்ணு கவனிச்சீங்களா, கவசம், டிராகன், சாலமாண்டர், மெட்ராஸ்காரங்க அடையாளம்னு ஒண்ணுமே கிடையாது. ஹைதராபாத் கதை வேற. அங்க நிஜாம் குடுத்த பணத்தால பேரு வாங்குன 110-ஆவது ஸ்குவாட்ரன் பேட்ஜ்ல பாதிப் புலி, 152-ஆவது ஸ்குவாட்ரன் பேட்ஜ்ல நிஜாமோட தலைப்பாகையே இருக்கு, வாசகம் "விசுவாசமான கூட்டாளி", அது பிரிட்டிஷ்காரங்க நிஜாமுக்குக் குடுத்த பட்டம். ஒரு ராஜா குடுத்தா அவர் தலைப்பாகை வரைக்கும் பேட்ஜ்ல ஏறுது, ஒரு மாகாணமே சேர்ந்து குடுத்தா பேரு மட்டும் ஸ்குவாட்ரன் நம்பருக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள நிக்குது. எனக்கு இதுல வருத்தம்தான், ஒரு பனைமரமாவது போட்டிருக்கலாம்.

அதனால பேட்ஜைப் பார்க்கிறப்ப இருக்கிறதை மட்டும் பார்க்காம இல்லாததையும் பாருங்க. முதல்ல பார்த்த 617-லயும் அப்படித்தான், உடைஞ்ச சுவர் இருக்கு, தண்ணி இருக்கு, ஆனா அந்தத் தண்ணி போன வழியில சுமார் 1,300 பேர் செத்தாங்க, அதுல நிறைய பேர் ஜெர்மன்காரங்க கூட இல்ல, கட்டாய வேலைக்குப் பிடிச்சுட்டு வந்து முகாம்ல அடைச்சு வச்சிருந்த வெளிநாட்டுக்காரங்க, பெண்கள் உட்பட. அந்த ராத்திரியில பறந்தவங்களோட தைரியத்தை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன், ஆனா பேட்ஜ்ல அந்த தண்ணி சுவரோட நின்னுடுது, கீழ இருக்கிற ஊருக்குப் போகல.

நடைமுறைக்கு உதவுற ஒரு விஷயம், மேல இருக்கிற கிரீடத்தைப் பாருங்க. கிரீடத்தோட வளைவு ரெண்டு பக்கமும் ஏறி உச்சியில உருண்டையா கூடுனா அது டியூடர் கிரீடம், ஆறாம் ஜார்ஜ் காலம் வரைக்கும் அதுதான். உச்சியில நடுவுல ஒரு பள்ளம் விழுந்தா அது எலிசபெத் ராணி காலத்து எட்வர்ட் கிரீடம். இப்ப மூணாம் சார்லஸ் திரும்பவும் டியூடர் கிரீடத்துக்கே போயிட்டாரு. பழைய சாமான் கடையில ஒரு பேட்ஜைக் காட்டி உலகப் போர் காலத்துதுன்னு விலை சொன்னாங்கன்னா கிரீடத்துல பள்ளம் இருக்கான்னு பாருங்க, இருந்தா போர் முடிஞ்சு வருஷக்கணக்கு கழிச்சு செஞ்சது.

இந்திய விமானப்படை இந்த ஃபிரேம் முறையிலேயேதான் வளர்ந்துச்சு. 1932 அக்டோபர் 8 ஆரம்பிச்சுது, 1933 ஏப்ரல் 1-ல முதல் ஸ்குவாட்ரன், நாலே நாலு வாப்பிட்டி விமானம். குடியரசு ஆனப்புறம் கிரீடம் எறங்கி அந்த எடத்துல அசோகர் சிங்கம் ஏறுச்சு, லத்தீன் போய் சமஸ்கிருதமும் இந்தியும் வந்துச்சு. படையோட வாசகம் "நப ஸ்ப்ருஷம் தீப்தம்", வானத்தைத் தொட்டு ஒளிருறதுன்னு அர்த்தம், கீதையில பதினோராவது அத்தியாயம், கண்ணனோட விஸ்வரூபத்தைப் பார்த்து நடுங்கிப் போன அர்ஜுனன் சொல்ற வார்த்தை. படையோட பொதுச் சின்னத்துல சிங்கத்துக்குக் கீழ ஒரு இமயமலைக் கழுகு சிறகு விரிச்சிருக்கும், 2023 அக்டோபர்ல பிரயாக்ராஜ்ல அறிமுகம் பண்ண புதுக் கொடியிலயும் அந்த சின்னத்தைச் சேர்த்துட்டாங்க. முதல் ஸ்குவாட்ரனுக்கு சிறகு வச்ச புலி, வாசகம் "ஏக்தா மே சக்தி", ஒற்றுமையில பலம்.

யூனிஃபார்ம் கையில ஒட்டியிருக்கிற பேட்ச் வேற, இந்த பேட்ஜ் வேற, அதையும் சொல்லிடறேன். பேட்ச்ல கார்ட்டூன் இருக்கும், விமானத்தோட படம் இருக்கும், அது ஸ்குவாட்ரன் பசங்க ஆசைக்கு செஞ்சுக்கிறது, அடிக்கடி மாறும். ஃபிரேமுக்குள்ள இருக்கிறதுதான் மாறாதது.

தஞ்சாவூர் விமானப்படை தளத்துல 2020 ஜனவரி 20-ல இருந்து 222-ஆவது ஸ்குவாட்ரன் இருக்கு, சுகோய்-30 போர் விமானம், கப்பலை அடிக்க பிரம்மோஸ் ஏவுகணை. அதோட பேரு டைகர்ஷார்க்ஸ், நம்ம மீனவர் பாஷையில புலிச்சுறா. கடல் வேலைக்கு வந்ததால வச்ச பேருன்னு தோணும், ஆனா இந்த ஸ்குவாட்ரன் 1969-ல ஆரம்பிச்சது, கடலே கண்ணுல படாத வடக்கு வங்காளத்து ஹாசிமாரால மிக்-27 ஓட்டுனப்பவே இதே பேருதான். ஒன்பது வருஷம் மூடிக் கிடந்து திரும்ப உயிர் வந்தப்ப, சுறாவுக்குக் கடலும் கிடைச்சுது, புலிக்குத் தஞ்சாவூரும் கிடைச்சுது.